பேரனின் முதல் மான் துவக்கு: வளர்ந்த பிறகு பொருந்தும் என்று வாங்காதீர்கள்

கேள்வி: என் மகன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்துப் பீற்றர்பரோவில் இருக்கிறான். ஒவ்வொரு நவம்பரிலும் வேலையிடத்து நண்பர்களோடு ஹாலிபேர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவன். பேரனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது, அங்கே கேட்கிற வேட்டைப் பாடநெறியையும் முடித்துவிட்டான். இந்த முறை அவனையும் கூட்டிப் போகிறார்களாம். முதல் துவக்கு அப்பப்பாவின் பரிசாக இருக்கட்டும் என்று 1,500 கனடா டொலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ".308 எடுத்தால் மூஸ் என்ற பெரிய மானுக்கும் ஆகும், பிள்ளை வளர்ந்தாலும் பாவிக்கலாம்" என்கிறான் மகன். என் தகப்பனார் வன்னியில், ஒட்டுசுட்டானில் இரட்டைக்குழல் துவக்கு வைத்திருந்தவர். மரை என்ற பெரிய காட்டு மானின் இறைச்சி வத்தல் தின்று வளர்ந்தவன்தான் நானும். ஆனால் இந்த இலக்கங்கள் எனக்கு விளங்கவில்லை. மனைவியோ, "பால்மணம் மாறாத பிள்ளையின்ரை கையிலை துவக்கோ?" என்று என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எதை வாங்கலாம்? டிசம்பரில் அவர்கள் கொழும்புக்கு வரும்போது பேரனை இங்கே எங்காவது சுடக் கூட்டிப் போகலாமா?
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அப்பப்பா

பதில்:

ஐயா, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். .243 வின்செஸ்டர் ரவை போடும், பிடங்கு (தோளில் வைக்கும் பின்பாகம்) குட்டையான, போல்ட் என்ற கைப்பிடியை ஒவ்வொரு முறையும் இழுத்துத் தள்ளி ரவை ஏற்றிச் சுடும் ரைபிள் ஒன்று. .308 வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்குமே, அதற்காகத்தான் மீதி.

கொழும்பில் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் துவக்குச் சுடும் விளையாட்டைப் பழக்குவது என் தொழில். ஒன்ராறியோவில் வசித்த காலத்தில் அங்குள்ள உரிமத்தை எடுத்து, மான் வேட்டை முகாம்களுக்கும் போயிருக்கிறேன். ஆகவே அந்தக் காடும் தெரியும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளும் தெரியும்.

முதலில், பரிசு யார் பெயரில் என்ற விஷயம். கனடாவில் 18 வயதுக்குக் குறைந்தவர் துவக்கு வாங்க முடியாது. 12 முதல் 17 வயது வரையானவர்களுக்கென்று ஒரு சிறுவர் உரிமம் உண்டு. அது இரவல் வாங்கிச் சுடத்தான் விடும், சொந்தமாக்க விடாது. நீங்கள் விருந்தாளியாகப் போய்க் கடையில் காசைக் கொடுத்து வாங்கவும் வழியில்லை. துவக்குக்கு மட்டுமல்ல, ரவைக்கும் உரிமம் கேட்பார்கள். ஆகவே துவக்கு மகனின் உரிமத்தில், மகனின் பெயரில்தான் வாங்கப்படும். நீங்கள் காசை அனுப்புங்கள், பேரனிடம் "இது அப்பப்பா தந்தது" என்று சொல்லச் சொல்லுங்கள். சட்டத்துக்கு அது மகனின் துவக்கு, அவ்வளவுதான்.

அடுத்த விஷயத்தை மகன் உங்களிடம் சொன்னாரோ தெரியாது, இந்தக் கேள்வி முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஒன்ராறியோவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேட்டைக்குப் போவது பயிலுநராக. பாடநெறி முடித்திருக்க வேண்டும், பெற்றோரின் சம்மதம் வேண்டும், உரிமமுள்ள பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே ஒரு துவக்குத்தான். தகப்பன் தோளில் ஒன்று, மகன் தோளில் ஒன்று என்று நடக்க விடமாட்டார்கள். அன்றைக்கு அந்த இரண்டு பேரிடமும் இருக்கப்போவது நீங்கள் வாங்கித் தரும் துவக்கு மட்டும்தான்.

ஒரே துவக்கு என்றானதும் உங்கள் மகனின் மனம் தன் பக்கம் சாய்வது இயல்பு. எனக்கும் உதவுகிற ஒன்றாக இருக்கட்டுமே, .308 தானே எதற்கும் ஆகும் என்ற எண்ணம் வரும். அதைத் தலைகீழாக யோசிக்கச் சொல்லுங்கள். வளர்ந்த ஆண் குட்டைத் துவக்கைக் கொஞ்சம் கூனிக்கொண்டு நன்றாகவே சுடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நீளத் துவக்கை எப்படி வளைந்தாலும் நன்றாகச் சுட முடியாது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்று வேண்டுமென்றால் அது சின்னவருக்குப் பொருந்துவதாகத்தான் இருக்க முடியும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஜனவரியில் பாடசாலை தொடங்குமுன் புறக்கோட்டைக்குப் போய்ப் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிய சப்பாத்தை வாங்கி, முனையில் பஞ்சு அடைத்து, "வளருற பிள்ளைதானே" என்போம். சப்பாத்தில் அது செல்லும், பிள்ளை தடக்குப்பட்டு விழுந்தால் முழங்கால்தான் உரசும். துவக்கில் செல்லாது. பிடங்கு நீளமென்றால் பிள்ளை அதைத் தோளின் குழியில் வைக்க முடியாமல் மேற்கையில் வைக்கும். ஸ்கோப்புக்குள், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கிக்குள், பார்க்கக் கழுத்தை முன்னே நீட்டும். பாரம் முன்னே இழுக்க, இடுப்பை முன்னே தள்ளி முதுகைப் பின்னே வளைக்கும். அப்படி நிற்கிற பிள்ளைக்கு எந்த இலக்கத்து ரவை கொடுத்தும் பயனில்லை.

அளந்து பார்ப்பது லேசு. பிடங்கின் அடியிலிருந்து, விரலால் இழுத்துச் சுடும் விசை வரையுள்ள தூரம் பெரியவர்களின் ரைபிளில் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியிருக்கும். சிறுவர்க்கென்று வருகிறவற்றில் 12 முதல் 12½ அங்குலம். கடையில், வெற்றுத் துவக்கைச் சோதித்த பிறகு, பிள்ளையின் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, அதன் உள்மடிப்பில் பிடங்கை வைத்துப் பாருங்கள். சுட்டுவிரலின் முதல் அங்கம் விசையில் தானாக வந்து படிய வேண்டும், எட்டிப் பிடிக்கக் கூடாது. அடுத்து, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறக்கட்டும். ஸ்கோப்பின் படம் முழு வட்டமாகத் தெரிந்தால் பொருத்தம். ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் பிடங்கின் நீளமோ ஸ்கோப் பூட்டிய இடமோ சரியில்லை.

இந்தச் சோதனையை வீட்டுச் சட்டையோடு செய்யாதீர்கள், இது முக்கியம். ஹாலிபேர்ட்டனில் நவம்பர் விடியற்காலை பனி உறையும் குளிர். உள்ளே கம்பளி, மேலே பஞ்சு வைத்த ஜக்கெட், அதற்கும் மேலே செம்மஞ்சள் மேலாடை. இவ்வளவும் சேர்ந்து பிடங்கின் நீளத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கூட்டிவிடும். ஆகஸ்ட் மாதம் டீ-சேர்ட்டோடு அளந்து "கச்சிதம்" என்று வாங்கிய துவக்கு நவம்பரில் அக்குளில் சிக்கும். கடைக்குப் போகும்போது அந்த ஜக்கெட்டையும் கையுறையையும் கொண்டுபோய், போட்டுக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சிரிக்கமாட்டார், அங்கே அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

இனி உங்களைக் குழப்பிய இலக்கங்கள். அவை ரவையின் பெயர்கள், அதன் முனையிலிருந்து பறக்கிற சன்னத்தின் பருமனை அங்குலத்தில் சொல்பவை. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. அதே பித்தளை உறையின் கழுத்தைச் சுருக்கி, மெலிந்த சன்னம் பூட்டி 1955இல் விட்டதுதான் .243. உறை ஒன்று, உள்ளிருந்து போகிற சன்னத்தின் எடை வேறு. .308இல் வழக்கமான மான் சன்னம் 150 கிரெய்ன், அதாவது பத்துக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. .243இல் 95 அல்லது 100 கிரெய்ன், ஆறரைக் கிராமளவு. பாரமான சன்னத்தை முன்னே தள்ளுகிற பலம் தோளைப் பின்னே தள்ளும். ஏழரை இறாத்தல் எடையுள்ள ரைபிளில் .243 ஏறத்தாழ 9 அடி-இறாத்தல் அளவுக்கு உதைக்கும், .308 ஏறத்தாழ 16. கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. சிறுவர்க்கென்று குட்டையாகச் செய்த ரைபிள் எடையும் குறைந்தது, சில ஆறு இறாத்தல்தான் வரும். எடை குறையக் குறைய உதை கூடும். ஆகவே "சின்ன அளவில் .308" என்று வாங்கினால், தகப்பனின் பெரிய .308ஐ விடவும் பலமாக உதைக்கிற ஒன்றைப் பிள்ளையின் தோளில் வைக்கிறீர்கள். பெட்டியில் 'யூத்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறுகிற இடம் இதுதான்.

உதைத்தால் என்ன, தோள் கண்டிப்போகும், பழகிவிடும் என்று வேட்டைக்காரர் பலர் சொல்வார்கள். தோளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உதைக்குப் பயந்த பிள்ளை சுடுமுன்னே பதறத் தொடங்கும். அது ஒட்டிக்கொண்டால் கழற்ற மாதக்கணக்காகும். பெரியவர்களுக்கே இருக்கிறது, தங்களுக்கு இருப்பது தெரியாமலே சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. சுடும் திடலில், பிள்ளைக்குத் தெரியாமல் தகப்பன் ரவை போட்டுக் கொடுக்க வேண்டும். சில தடவை உண்மையான ரவை, சில தடவை மருந்தில்லாத போலி ரவை. எது உள்ளே என்று பிள்ளைக்குத் தெரியாது. போலி வந்த முறை விசை இழுபட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அந்த நேரம் குழலின் முனையைப் பாருங்கள். நன்றாகச் சுடுகிற பிள்ளையிடம் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். பயந்த பிள்ளையிடம் முனை இரண்டு விரற்கடை கீழே குத்தும், கண் இரண்டும் இறுக மூடும், தோள் முன்னே எகிறும். வெடியே வெடிக்கவில்லை, உடம்பு மட்டும் வெடித்துவிட்டது. உண்மையான ரவையில் இவ்வளவும் சத்தத்துக்குள் மறைந்துவிடும், சன்னம் மட்டும் மானின் வயிற்றிலோ தொடையிலோ போய் நிற்கும். வயிற்றில் சன்னம் வாங்கிய மான் உடனே விழாது, மணிக்கணக்காக ஓடிச் சாகும். உங்கள் தகப்பனாரோடு காட்டுக்குப் போயிருந்தால், காயப்பட்ட மரையை இரத்தம் பார்த்துத் தேடுவது எவ்வளவு வேதனையான வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதனால்தான் .243. அது மானுக்குப் போதுமா என்ற வாதம் அங்குள்ள முகாம்களில் ஓயாது, மேசைக்கு ஒருவர் "போதாது" என்பார். அங்குள்ள வெள்ளைவால் மான் எங்கள் புள்ளிமானைவிடப் பெரியது, நல்ல கிடாய் நூறு கிலோவைத் தாண்டும், ஆனாலும் மரையளவு வராது. நொடிக்கு 900 மீற்றர் அளவு வேகத்தில் போகிற 100 கிரெய்ன் மான் சன்னம், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுக்கூட்டில் பட்டால் அந்த மானுக்கு அது தாராளம். படாவிட்டால் .308ம் போதாது. ஒரு எச்சரிக்கை: .243க்கு 58, 75 கிரெய்ன் என்று லேசான சன்னங்களும் விற்கும். அவை நரி, கொறிணி போன்ற சிறு விலங்குகளுக்கு, பட்டவுடனே சிதறுகிற மாதிரிச் செய்தவை. மானின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாது. பெட்டியில் 95 அல்லது 100 என்றிருப்பதையும், மானுக்கானது என்றிருப்பதையும் மகன் பார்த்து எடுக்கட்டும்.

மகன் கொஞ்சமும் இறங்கி வராவிட்டால் 7 எம்.எம்.-08 ரெமிங்டன் என்று ஒரு நடுவழி உண்டு. அதுவும் அதே .308 உறையிலிருந்து வந்ததுதான். உதை .243க்கும் .308க்கும் இடையில். உதை குறைத்துச் செய்த ரவைகளும் அதற்குக் கடையில் கிடைக்கும். முதல் இரண்டு பருவம் அவற்றைப் போட்டுவிட்டு, பையன் பதினைந்து வயதில் தோள் விரிந்த பிறகு முழு ரவைக்கு மாறலாம். பையன் வயதுக்கு மீறின வளர்த்தி என்றால் நான் இதற்கு ஆட்சேபம் சொல்லமாட்டேன். பன்னிரண்டு வயதுக்குரிய சராசரி உடம்பு, நாற்பது கிலோவுக்கு இப்பாலே அப்பாலே என்றால் .243தான். மூஸ் கதையை இதற்குள் கொண்டுவர வேண்டாம். மூஸ் குதிரையளவு மிருகம், அதற்கு .243 பற்றாது என்பது உண்மைதான். மூஸ் சுட ஆசை தகப்பனுக்கு, பரிசு பேரனுக்கு. அவர் தன் காசில் தனக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

ஏன் போல்ட் என்றும் கேட்பார்கள். போல்ட்டைத் திறந்து பின்னே இழுத்துவிட்டால் துவக்கு வெறுமையா இல்லையா என்று பத்தடி தூரத்தில் நிற்கிற தகப்பனுக்கே தெரியும். வேலியைத் தாண்டும்போது, மரத்துப் பரணில் ஏறும்போது, வாகனத்துக்கு வரும்போது, "போல்ட்டைத் திற" என்ற ஒரு சொல் போதும். கௌபாய் படத்தில் வருகிற லீவர் துவக்கைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். அதில் பெரும்பாலானவற்றில் வெளியே நிற்கிற சுத்தியலை, ரவை உள்ளே இருக்கும்போதே பெருவிரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டி வரும். குளிரில் விறைத்த சின்ன விரல், அதன்மேல் கையுறை. அந்த வேலை இப்போது வேண்டாம். தானியங்கித் துவக்கு முதல் துவக்காகவே வேண்டாம்.

பெயர் கேட்டால் மொஸ்பர்க் பேட்ரியட் யூத், சவேஜ் ஆக்சிஸ் கொம்பாக்ட், ருகர் அமெரிக்கன் கொம்பாக்ட் மூன்றும் இந்த வேலைக்கென்றே வருபவை. மூன்றுமே விலையில் அடக்கமானவை, மூன்றுமே தேவைக்கு மிஞ்சிய துல்லியம் உள்ளவை. மொஸ்பர்க்கில் பிடங்கின் நீளத்தைத் துண்டு வைத்து 12இலிருந்து 13 அங்குலம் வரை கூட்டலாம், "வளருற பிள்ளை" என்ற மகனின் கவலைக்கு அதுவே மருந்து. மற்றவற்றிலும் பின்னாளில் பெரிய பிடங்கு வாங்கி மாற்றலாம், குழலும் போல்ட்டும் அப்படியே இருக்கும். பையனுக்கு எந்தக் கண் ஓங்கிய கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்புகிற கண், என்று முதலில் பாருங்கள். வலது கைப் பிள்ளைகளிலும் இடது கண் ஓங்கியவர்கள் கணிசமாக உண்டு. அப்படியானால் இடது தோளில் வைத்துப் பழக்கி, இடக்கைப் போல்ட் உள்ளதைத் தேடுவது நல்லது. பன்னிரண்டு வயதில் தோளை மாற்றுவது கஷ்டமில்லை, நாற்பதில்தான் கஷ்டம்.

ஸ்கோப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2-7 அல்லது 3-9 பெருக்கம் போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி கிடைக்க வேண்டும். அது குறைந்தால், அல்லது பிள்ளை கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டால், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து அடித்து அரைவட்டமாக வெட்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஸ்கோப்பை நம்பாது.

காதுக்குத்தான் நான் செலவு செய்யச் சொல்வேன். ரைபிள் வெடியின் உச்சச் சத்தம் 140 டெசிபெலை நன்றாகத் தாண்டும், ஒரே வெடியில் காதைக் கெடுக்கக்கூடிய அளவு. பிள்ளை பயப்படுவதில் பாதி உதைக்கல்ல, சத்தத்துக்கு. திடலில் காதுக்குள் பஞ்சடைப்பானும் மேலே காதுமூடியும் இரண்டும் சேர்த்துப் போட வேண்டும். காட்டில் மின்சாரக் காதுமூடி நல்லது, மெல்லிய பேச்சைக் கேட்கவிடும், வெடியை மட்டும் அடக்கும். உதையைக் குறைக்கக் குழல் முனையில் துளை போட்ட ஒரு பாகம் பூட்டலாம் என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். அது உதையைக் குறைத்துச் சத்தத்தைப் பக்கவாட்டில் கூட்டும், பக்கத்தில் நிற்பது தகப்பன். சத்தமடக்கி கனடாவில் தடைசெய்த பொருள், அந்தப் பேச்சே இல்லை.

உங்கள் 1,500 டொலரில் ரைபிளும் ஸ்கோப்பும் ஆயிரத்துக்குள் அடங்கும். மிச்சத்தில் காதுமூடி இரண்டு சோடி, பூட்டுள்ள இரும்புப் பெட்டி, சுடும்போது தாங்கி வைக்கும் கவைக்கோல், ரவை. ஒன்ராறியோவில் துவக்கு வேட்டைப் பருவத்தில் 400 சதுர அங்குலத்துக்குக் குறையாத செம்மஞ்சள் மேலாடையும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம், பிள்ளை அளவில் அதையும் வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் துவக்கு ரவை நீக்கி, பூட்டி இருக்க வேண்டும். ரவை தனியே பூட்டி இருக்க வேண்டும். சட்டம் கொஞ்சம் இடம் விடுகிறது, நான் விடமாட்டேன். திறப்பு எங்கே என்று பேரனுக்குத் தெரியக் கூடாது. துவக்கு "அவனுடையது" என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள் அல்லவா, அதனால் இது இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பழகுவது இந்த ரைபிளில் அல்ல. மகனிடமோ நண்பரிடமோ ஒரு .22 இருக்கும், கோடை முழுவதும் அதில் சுடட்டும். உதை இல்லை, சத்தம் சிறிது, ரவை மலிவு. அதைக் கொண்டு மானைச் சுட ஒன்ராறியோவில் அனுமதி இல்லை, ஆனால் விசையை மெல்ல இழுக்க, மூச்சை நிறுத்த, சுட்ட பிறகும் தலையைத் தூக்காமல் இருக்க எல்லாம் அதில்தான் படிய வேண்டும். .243ஐ ஒரு தடவைக்குப் பத்து ரவைக்கு மேல் கொடுக்காதீர்கள், அவன் இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பருவம் தொடங்குமுன் ஒரு சாப்பாட்டுக் கடதாசித் தட்டை, இருபது சென்ரிமீற்றர் அகலமுள்ளதை, 50 மீற்றரில் கட்டுங்கள். மேசையில் வைத்தல்ல, நிலத்தில் குந்தி, கவைக்கோலில் தாங்கி ஐந்து ரவை. ஐந்தும் தட்டில் விழுந்தால் 75, பிறகு 100. எங்கே ஒன்று தவறுகிறதோ அதற்கு முந்திய தூரம்தான் அவனுடைய எல்லை. அந்தக் காட்டில் மரங்களுக்கிடையே நூறு மீற்றர் தெரிவதே அரிது, ஆகவே இது அவனுக்குக் குறையாகப் படாது.

இனி உங்கள் மனைவியின் பக்கம். அம்மா கேட்டது நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வயது பெரிய கணக்கில்லை. பன்னிரண்டில் என் முன்னே நிற்கிற சில பிள்ளைகளிடம் கண்ணை மூடிக்கொண்டு துவக்கைக் கொடுப்பேன், பதினேழில் சிலரிடம் கொடுக்கமாட்டேன். நான் பார்ப்பது, "நிறுத்து" என்றால் பாதியில் நிறுத்துகிறானா, செய்த பிழையைத் தானே வந்து சொல்கிறானா என்பதைத்தான். குழல் முனை யார் பக்கமாவது திரும்பிவிட்டால், கண்டிக்குமுன் தானாகவே முகம் வெளிறுகிற பிள்ளை நல்ல பிள்ளை. சிரித்துச் சமாளிக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம், பரிசு கெட்டுப்போகாது. இவையெல்லாம் மகனுக்கும் மருமகளுக்கும் தெரிந்திருக்கும், அம்மாவே மருமகளைக் கேட்கட்டும்.

இன்னொன்றை நீங்களே கேளுங்கள். தகப்பன் பக்கத்தில் இல்லாத நேரம் வீடியோ அழைப்பு எடுத்து, இந்த வேட்டை அவனுக்கு ஆசையா, அப்பாவுக்கு ஆசை என்பதால் அவனுக்கும் ஆசையா என்று கேளுங்கள். மான் விழுந்த பிறகு கிட்டப் போக வேண்டும், வயிற்றைக் கீறிக் குடலை எடுக்க வேண்டும், கை முழங்கை வரை இரத்தமாகும். அதையும் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான் கதைகளைப் பேரன்மாருக்குச் சொல்லும்போது விழுந்த மரையை மட்டும் சொல்வோம், தேடிக் கிடைக்காமல் போனதைச் சொல்லமாட்டோம். இந்த முறை அதையும் சேர்த்துச் சொன்னால் அவன் யோசித்துப் பதில் சொல்வான். "நான் போய்ப் பார்க்கிறன், சுடேல்லை" என்று சொன்னாலும் அது நல்ல பதில்தான். செம்மஞ்சள் மேலாடையும் காதுமூடியும் வாங்கிக் கொடுங்கள், மிச்சக் காசு அடுத்த வருடத்துக்கு.

டிசம்பர் விஷயம். வன்னியில் உறவுக்காரர் யாராவது, "தம்பி வெளிநாட்டிலை மான் சுட்டவனாம், வாங்கோ ஒரு சுற்றுப் போட்டு வருவம்" என்று நிச்சயம் அழைப்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். இலங்கையில் புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை, வேட்டையாடினால் வழக்கு. அந்தக் காடுகளில் உள்ளூரில் செய்த இடியன் துவக்கும், மிருகம் தட்டினால் வெடிக்கக் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கும் இன்னும் இருக்கின்றன, இரவில் மிருகத்துக்கு வைத்தது மனிதன் காலில் வெடிப்பதும் நடக்கிறது. அங்கே முறைப்படி பாடம் படித்த பிள்ளையை இங்கே அதற்குள் கொண்டுபோக வேண்டாம்.

சுடத்தான் ஆசை என்றால் காற்றழுத்தத்தில் சுடும் எயார் ரைபிள் இருக்கிறது. தேசிய துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தோடு இணைந்த கழகங்கள் கொழும்பில் உண்டு, சில பாடசாலைகளுக்குச் சொந்த அணியே இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்தால், பயிற்றுநர் முன்னிலையில் ஒரு காலை நேரம் சுடலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல சுட்டது இந்தப் பத்து மீற்றர் எயார் ரைபிள்தான். இலக்கின் நடுப் பத்துப் புள்ளி அரை மில்லிமீற்றர் அகலம், பேனா முனைப் பொட்டளவு. நூறு மீற்றரில் தட்டில் ஐந்தும் விழுத்தினேன் என்று வருகிற பேரன் அதன் முன்னே கொஞ்சம் அமைதியாவான், எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கும்.

புறப்படுமுன் மகனுக்கு ஒன்று சொல்லிவையுங்கள். நவம்பரில் வேட்டைக்குப் போன ஜக்கெட், கைப்பை, காற்சட்டைப் பை எல்லாவற்றையும் உதறிப் பார்க்க வேண்டும். மறந்துபோன ஒரே ஒரு ரவை, ஏன் வெடித்த வெற்று உறைகூட, கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஸ்கானரில் தெரிந்தால் விடுமுறையின் முதல் நாள் விசாரணையில் போகும். அந்த ஜக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது, வெள்ளவத்தையில் டிசம்பரில் அது எதற்கு?